பூனையும் மதினி கொடுத்த சோபாவும்

எங்கள் வீட்டுக்கு சோபா வந்தது மதினி புண்ணியத்தில். மதினி என்றால் என் மனைவியின் அக்கா. செம்பூரில் இருக்கிறார். அவர் புது சோபா வாங்கினார், இருந்ததை எங்களுக்குத் தந்தார். துணி மங்கவில்லை, ஸ்பிரிங் இறங்கவில்லை. நல்ல சோபா.

தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். சோபாவின் கால்களைக் கழற்றி, தலைக்கு மேல் தூக்கி, குறுக்கே காய்ந்த துணிகளை விலக்கிக்கொண்டு நாலு பேர் கொண்டுவந்தோம். சந்தே வாசலில் நின்று பார்த்தது. என் மனைவி முன்னால் நடந்தாள். கல்யாணத்தன்று கூட அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பூனை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரு மழை நாளில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. போ என்றேன். போகவில்லை. அப்படியே இருந்துவிட்டது. வேலை முடிந்து வந்து நான் உட்கார்ந்தால் அதுவும் வந்து பக்கத்தில் உட்காரும். எனக்கு அது பிடித்திருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

சோபா வந்த இரண்டாம் நாள் அதன் வலது கைப்பிடியில் நாலு கோடு. மறுநாள் இன்னும் எட்டு.

"என்னங்க, இத வந்து பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தேன்.

"அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கடுத்த ஞாயிறு அக்கா வாரா. அவ இத எப்படி வச்சிருந்தா தெரியும்லா? நம்மகிட்ட வந்த ஒடனே கந்தலாக் கெடந்தா என்ன நெனப்பா? இதுகளுக்குக் குடுத்தா இப்படித்தான்னு நெனப்பா."

"பூனைக்கு என்ன தெரியும்" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியும்லா. நீங்க சொல்லிக் குடுங்க. இன்னும் ஒரு கீறல் விழட்டும், மாஹிம் மீன் மார்க்கெட்ல கொண்டு விட்டுட்டுதான் மறுசோலி. அங்க அது நல்லாத்தான் இருக்கும்."

அவள் சொன்னால் செய்வாள்.

முதலில் கிழிந்ததைத் தைத்தேன். நான் தோல் பை தைக்கிறவன். தையல் போட்டது வெளியே தெரியாமல் தைப்பேன். பன்னிரண்டு கோடும் மறைந்தன. இனி பதின்மூன்றாவது விழக் கூடாது.

பை தைக்கும்போது இரண்டு தோலைச் சேர்த்துப் பிடிக்க இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் வைத்திருப்போம். அதைக் கைப்பிடியில் ஒட்டினேன். பூனை காலை வைத்தது, உதறியது, போய்விட்டது. எனக்குச் சந்தோஷம். அன்று சாயங்காலம் என் மனைவி சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டு எழுந்தாள். சேலை எழவில்லை.

"பூனைய விட்டுட்டு என்னயல்லா புடிச்சு வச்சிருக்கீய" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் சிரித்துவிட்டாள். டேப்பை எடுத்தேன்.

அப்புறம் செய்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. தோலை அறுக்க நான் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். நல்ல கத்தியே தடுமாறும். பூனை நகம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். பட்டறையில் கறை விழுந்து ஒதுக்கிய ஆட்டுத்தோல் கிடந்தது. முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிக்கும் உறை தைத்தேன். ஓரத்தில் இரட்டைத் தையல். கடைச் சாமான் மாதிரி இருந்தது.

மனைவி தடவிப் பார்த்தாள். "அக்கா வீட்லகூட இப்படி இல்ல" என்றாள்.

பூனை வந்து மோந்து பார்த்தது. கன்னத்தைத் தேய்த்தது. பிறகு நாலு காலாலும் கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கீற ஆரம்பித்தது. அதற்கு முன்பு அது அவ்வளவு சந்தோஷமாகக் கீறி நான் பார்த்ததில்லை. காலையில், மத்தியானம், நாங்கள் சாப்பிடும்போது. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்றும் வாசலில் வந்து எட்டிப் பார்த்தது.

பட்டறையில் பக்கத்து மெஷினில் தைக்கிறவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். அவரிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஓய், ஆட்ட உரிச்சு சோபாவுல போத்திட்டு, பூன ஏன் வருதுன்னு கேக்கீரு."

"துணி கிழியாம இருக்கட்டும்னு போட்டேன்" என்றேன்.

"போட்டீரு. அது பந்தியில எல போட்டுருக்குன்னு நெனச்சிருக்கும்."

அன்று முழுக்க யார் வந்தாலும் அதையே சொன்னார். டீ கொண்டுவந்தவரிடமும் சொன்னார்.

வீட்டில் மனைவி விரலை மடக்கினாள். "எட்டு நாள்தான் இருக்கு."

"துணியில கீறல் விழல. தோல்லதான் விழுந்துருக்கு" என்றேன்.

"அது இன்னிக்கு. தோல் எத்தன நாள் தாங்கும்? அக்கா வந்து ஒக்காந்துருக்கும்போது இது வந்து பக்கத்துல நின்னு பிறாண்டுனா நல்லாவா இருக்கும்?"

அது நியாயம்.

ஞாயிறு பட்டறை லீவு. எங்கும் போகாமல் தரையில் உட்கார்ந்து பூனையைப் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை. அது தூங்கும். எழுந்திருக்கும். முதுகை வளைக்கும். நேராக சோபாவுக்குப் போகும். பின்காலில் நின்று, முன்காலை எட்டுகிற மட்டும் உயர்த்தி, நகத்தை மாட்டி, உடம்பை இழுக்கும். அன்று கீறிய நாலு தடவையும் அப்படியேதான். கோபமும் இல்லை, திமிரும் இல்லை. மெஷினில் குனிந்தே இருந்துவிட்டு எழுந்தால் நானும் நிலைப்படியைப் பிடித்து உடம்பை முறிப்பேன். அதுதான் இது. அதற்கு உயரமாக, ஆடாமல், நகம் மாட்டுகிற மாதிரி ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது சோபா மட்டும்தான்.

இன்னொன்றும் இருந்தது. ஆனால் அதில் நகம் மாட்டாது. பரண் மாதிரி ஒரு மேல்தட்டில்தான் நாங்கள் தூங்குவோம். ஏறிப்போக இரும்பு ஏணி. சுவரில் பதித்த கம்பியோடு வெல்டிங் வைத்தது, ஆடாது. சோபாவின் வலது கைப்பிடிக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

உறை இரண்டையும் கழற்றினேன். தையலைப் பிரித்தேன். தோலின் சொரசொரப்பான பக்கம் வெளியே வருகிற மாதிரி ஏணிக் காலில் சுற்றினேன். தரையிலிருந்து என் இடுப்பு வரை. பின்பக்கம் இழுத்து இழுத்துத் தைத்தேன். தைத்து முடிக்கும்போது விரலில் ரத்தம்.

பூனை எழுந்தது. பழக்கத்தில் சோபாவுக்கே போனது. நான் வாய் திறப்பதற்குள் மனைவி எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக் கைப்பிடியில் சாய்த்து வைத்தாள். நகம் வழுக்கியது. பூனை அவளை ஏறிட்டுப் பார்த்தது.

"என்னய ஏன் பாக்க? ஒனக்கு அங்க தச்சு வச்சிருக்காவ, போ" என்றாள்.

பூனை ஏணியை மோந்தது. தான் கீறிய அதே ஆட்டுத்தோல் என்று தெரிந்திருக்கும். எழுந்து நின்று, நீண்டு, இழுத்தது. சர்ர் என்று சத்தம். என் மனைவி தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"நல்லாத்தான் இழுக்கு" என்றாள்.

அந்த வாரம் தாம்பாளம் அங்கேயே இருந்தது. பூனை தினமும் ஏணிக்குப் போனது. வெள்ளிக்கிழமை தாம்பாளத்தை எடுத்தோம். சனிக்கிழமையும் ஏணிக்கே போனது.

ஞாயிறு மதினி வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவினார். என் மனைவி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் எங்கும் நிற்கவில்லை.

"என்னயவிட நல்லா வச்சிருக்கட்டி" என்றார் மதினி.

என் மனைவி காபி போட எழுந்தாள். காபிக்குச் சீனி இரண்டு கரண்டி கூடப் போட்டாள்.

அப்போதுதான் பூனை மேல்தட்டிலிருந்து இறங்கியது. சோம்பல் முறித்தது. சோபாப் பக்கம் நடந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் பூனையைப் பார்த்தேன். அது மதினி காலைத் தாண்டி, ஏணிக்குப் போய், எழுந்து நின்று கீறியது.

மதினி ஏணியைப் பார்த்தார். "என்ன தம்பி, ஏணிக்கெல்லாம் செருப்புத் தச்சுப் போட்டுருக்கீய."

"பூனைக்கு" என்றேன்.

மதினி சிரித்துச் சிரித்துக் காபியைச் சேலையில் சிந்தினார். பிறகு வெகுநேரம் பூனையையே பார்த்தார்.

"ஏட்டி, இத எனக்குத் தாயேன். எங்க வீட்ல எலித் தொல்ல தாங்கல."

நான் தரையைப் பார்த்தேன். கேட்டது அக்கா. சோபா கொடுத்த அக்கா.

"தர முடியாதுக்கா" என்றாள் என் மனைவி. "அதுக்குக் கீற ஏணி வேணும். ஒங்க வீட்ல லிப்டுல்லா இருக்கு."