மொறிஸ் மைனரில் ஓர் ஓட்டை

மச்சான் கைபேசியை நீட்டி விளம்பரத்தைக் காட்டியபோதே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மூன்று வயதில் ஜெர்மனிக்கு வந்தவன், இப்போது டுசல்டோர்ஃபில் இருக்கிறான். கல்யாணங்களில் மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றிப்போக ஒரு பழைய மொறிஸ் மைனர் வேண்டுமென்று இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தான். படத்தில் கார் பச்சை நிறத்தில் மினுங்கியது. அவ்வளவு பழைய கார் அப்படி மினுங்கினால் பூச்சுக்குக் கீழே எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

“நீங்களும் வாங்கோ அத்தான். இந்தக் காரைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்” என்றான்.

தெரியும்தான். யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் மொறிஸ் மைனரை ஆறு வருடம் வாடகைக்கு ஓட்டினேன். யுத்தம், பொருளாதாரத் தடை, பெரும்பாலும் பெற்றோல் வராத காலம். பெற்றோல் செட்டுகள் பூட்டிக் கிடந்தன. தெருவோரத்தில் மேசை போட்டுப் போத்தலில் விற்பார்கள். நான் மணந்து பார்ப்பேன், ஒரு சொட்டை விரலில் விட்டுக் காயும்வரை நிற்பேன். பிசுபிசுப்பு மிஞ்சினால் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது. விற்பவர்களுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல். அந்தப் பழக்கம் டோர்ட்மண்டுக்கு வந்தும் போகவில்லை. பால் பெட்டியைக்கூட மணந்துவிட்டுத்தான் ஊற்றுவேன்.

சனிக்கிழமை காலை சவர்லண்ட் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். விற்பவர் எழுபது வயது மதிக்கத்தக்க ஜெர்மன்காரர். கராஜ் கதவைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு முதலில் மச்சானின் அடையாள அட்டையைக் கேட்டார். அதைப் படம் எடுத்தார். பிறகு, நாங்கள் எந்த நாடு என்று விசாரித்தார். இலங்கை என்றதும் அவர் முகம் மாறியது.

“அப்படியா? இந்தக் காரும் அங்கேயிருந்துதான் வந்தது” என்றார்.

விளம்பரத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே கட்டிய கதை என்று நினைத்தேன். மச்சானின் கண்கள் விரிந்துவிட்டன. “அவசரப்படாதை” என்று தமிழில் சொன்னேன். விற்பவர் உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குள் என்ன பேசுகிறோம் என்பது அவருடைய சந்தேகம்.

ஓட்டிப் பார்க்கக் கேட்டோம். தானும் கூட வருவதென்றால் சரி என்றார். மச்சான் ஓட்ட, அவர் பக்கத்தில், நான் பின்னால். தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்ததால் ஊர் எல்லையிலிருந்த பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினோம். மச்சான் அடித்துவிட்டுக் காசு கட்ட உள்ளே போனான். கராஜ் இருட்டில் சரியாகப் பார்க்க முடியாததால், நான் பொனற்றைத் திறந்தேன்.

எஞ்சினுக்குப் பின்னால், ஆட்கள் இருக்கும் பகுதியைப் பிரிக்கும் தகட்டில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ரப்பர் வைத்து அடைத்திருந்தது. நான் ஓடிப்போய் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து டாஷ்போர்ட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன். கையால் வளைத்த கம்பிக் கொக்கி ஒன்று அகப்பட்டது.

“என்ன செய்கிறீர்கள்?” என்றார் விற்பவர்.

யாழ்ப்பாணத்தில் இப்படிக் கொக்கியில் ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு, எஞ்சினைக் கிளப்ப அதில் கொஞ்சம் பெற்றோல் விடுவோம், குழாய் அந்த ஓட்டை வழியாகக் காபரேற்றருக்குப் போகும், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்.

“மண்ணெண்ணெயில் ஓடியதா? விலையைக் குறைப்பதற்காகச் சொல்கிறீர்கள்” என்றார். அவருக்குக் கோபம்.

கார் இலங்கையிலிருந்து வந்தது என்று அவர் சொன்னது பொய்யில்லை, அந்தக் கொக்கியே சாட்சி. யுத்தத்தில் ஊர் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ பேர் காரை வீட்டு வாசலில் பூட்டிவிட்டு நடந்து போனோம். திரும்பி வந்தபோது தபாலதிபர் வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. யார் கொண்டுபோனார்கள் என்று அவர் சாகும்வரை தெரியவில்லை.

மறுபடி குனிந்து பார்த்தேன். தபாலதிபரின் காரில் ஓட்டையை நான்தான் துளைத்தேன், நடுவில், இடது கைக்கு எட்டுகிறமாதிரி. இதில் கதவோரமாக இருந்தது. அந்தக் கார் இது இல்லை. ஆனாலும் யாரோ ஒருவருடையது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மச்சானிடம் சொன்னேன். “களவுக் காராயும் இருக்கலாம். யோசி.”

“ஆரும் முறையா வித்தும் இருக்கலாந்தானே அத்தான். உங்களுக்கு எல்லாத்திலையும் சந்தேகம்.”

“பேப்பரைக் கேள்.”

கேட்டான். ஒரு கிழமை கழித்து வந்த தாளில் ஏற்றுமதி செய்த வியாபாரியின் முத்திரை மட்டுமே இருந்தது. அதற்கு முன் வைத்திருந்தவர் யார் என்ற இடம் வெறுமை. வாங்காதே என்றேன். வாங்கிவிட்டான்.

சென்ற கோடையில் டுசல்டோர்ஃப் மண்டபமொன்றின் வாசலில் அந்தக் கார் பூமாலையோடு நின்றது. ஊரில் இருந்து வந்த வயதானவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டப் போனார்கள். படம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு பின்பக்கம் குனிந்தார்கள், கதவுக் கைபிடியைத் தடவினார்கள். ஓர் அம்மா பின் கதவைத் தானே திறந்து உள்ளே இருந்தார். இருக்கையின் ஓரத்தில் கையால் எதையோ தேடியபடி கனநேரம் இருந்தார்.

நான் கிட்டப் போய்க் கேட்டேன். “அக்கா, உங்கட காரோ?”

“இல்லைத் தம்பி” என்றார், சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கியபடி. “ஆனாப் பாக்கத்தானே வேணும்.”