தகப்பன் பேர் தெரியாத சாதனம்

2009-இல் நித்திரவிளை சந்திப்பில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினாள் பூங்கனி. பத்தாங்கிளாஸில் இங்கிலீஷ் அவளைக் கைவிட்டது. அவள் இப்படிப் பழிவாங்கினாள். போர்டில் 'பூங்கனி' மட்டும்தான், இனிஷியல் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தகப்பன் பேர் கேட்டார்கள். அம்மை தலை குனிந்தாள். வாத்தியார் அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தார். இனிஷியல் எங்கே என்று கடையில் விசாரித்தவன் ஒருத்தன் உண்டு. அதன்பிறகு அவன் உட்கார்ந்த இடத்தில் எந்த மௌஸும் ஓடவில்லை.

யாருடைய கல்யாண ஆல்பமோ பென் டிரைவில் வந்து, கூடவே வைரஸும் வந்து, ஆறு கம்ப்யூட்டரும் ஒரு வாரம் படுத்தன. உடனே பாதுகாப்பு சாஃப்ட்வேர் வாங்கினாள். எந்தப் புரோகிராம் வந்தாலும் அது வாசலில் நிறுத்தும்: தயாரித்தவர் யார்? தெரியாதென்றால் அவளைக் கேட்கும். நம்பலாம், கட்டுப்பாட்டோடு விடலாம், நம்பாதே என்று மூன்று பெட்டி. புது ஆளைக் கண்டால் ஊரில் "ஆருக்க மோன்?" என்று தகப்பனை விசாரிப்பதுதானே இது! தகப்பன் பேர் இல்லாததையெல்லாம் யோசிக்காமல் மூன்றாம் பெட்டிக்குத் தள்ளினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை செசிலி வந்தாள், இடுப்பில் மூன்று வயது ஜெனிலா. புருஷன் மத்தியாஸ் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை.

"அக்கா, நாளைக்கு அவரு கடலுக்குப் போறாரு. ரெண்டு மாசம் சத்தமே கேக்காது. அவருக்க கேம்புல இந்தப் புரோகிராம்லதான் பேச முடியுமாம். அவருக்க கூட்டாளி குடுத்தனுப்பினது."

செசிலி நீட்டிய பென் டிரைவைச் செருகியதும் சிவப்புக் கட்டம். தயாரித்தவர்: தெரியாது.

"நடக்காது பிள்ளே. அப்பன் பேரு இல்லாத சாதனம். உள்ள விட்டா ஆறும் படுத்துரும்."

"அப்பன் பேரு இல்லேன்னா பேசவே பிடாதா அக்கா?"

செசிலி சும்மாதான் கேட்டாள். பூங்கனியின் கை மௌஸிலேயே நின்றது. அதற்குள் ஜெனிலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "அப்பா எங்க?" என்றது.

"இரிடீ," என்று செசிலியிடம் சொல்லிவிட்டுப் பூங்கனி எழுந்தாள்.

மற்ற ஐந்து கம்ப்யூட்டரின் நெட் வயரையும் பிடுங்கினாள். ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த ஞானசிங் அலறினான்.

"எக்கா, எனக்க மார்க்கு பாதியில போச்சு!"

"வந்த பாதியே ஒனக்கு ஜாஸ்திலே. சும்மா இரி."

அந்தப் புரோகிராமை நடுப் பெட்டியில் போட்டு, எதற்கெல்லாம் அனுமதி என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்தாள். நெட், உண்டு. மைக், உண்டு. ஃபைலைத் தொடுவது, கிடையாது.

"வாசல்ல நின்னு பேசட்டு. அடுக்களையில கேறண்டாம்."

கரகரவென்று இரைச்சல். பிறகு மத்தியாஸின் குரல், மகளைக் கொஞ்சி: "மக்களே..."

ஜெனிலா இரண்டு கையாலும் ஹெட்போனை அமுக்கிக்கொண்டது. "அப்பா, நான் சாளை மீனுக்க முள்ளு தனியா எடுத்தேன்!"

பூங்கனிக்கு அப்போது பார்த்து ஃபேனைத் துடைக்கிற வேலை வந்துவிட்டது.

2014-க்குள் எல்லார் கையிலும் போன். கடை செருப்புக்கடையாகும் முன், விற்கப்போகிற கம்ப்யூட்டரில் அந்த மூன்று பெட்டிப் பட்டியலைக் கடைசியாகத் திறந்தாள். மூன்றாம் பெட்டியில் நூற்றுச் சொச்சம். நடுவில் ஒன்றே ஒன்று. பக்கத்தில் குறிப்பு எழுதும் இடத்தில், அன்றைக்கு அவளே இங்கிலீஷ் எழுத்தில் தப்பும் தவறுமாக அடித்தது இருந்தது: ஜெனிலாக்க அப்பா.