நமுத்துப்போன மகரந்தம்

விழும் மகரந்தத் துகளைக் காற்று எவ்வளவு விசையோடு தாங்குகிறது என்று அளப்பதுதான் தேயிலை மலையூரான ஹட்டனில் உள்ள ஆய்வுகூடத்தில் என் வேலை. கண்ணாடிக் குழாய்க்குள் பைன் மகரந்தத்தை உதிர்த்து, விழும் வேகத்தைக் கேமராவில் பதிவுசெய்வேன். திடீரென்று துகள்கள் வழக்கத்தைவிட வேகமாக விழுந்தன. கூட்டித் துடைக்கும் ஜெயராணி அக்கா கதவைத் திறந்துவிட்டுக் காற்றைக் கலைக்கிறார் என்று நானே முடிவுகட்டிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். அக்காவுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. அளவுகள் மட்டும் சரியாகவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்காதான் கேட்டார்: "மிஸ், அந்த மகரந்த டப்பாவ ஏன் தொறந்தே வச்சிருக்கீங்க? இந்தப் பனிமூட்டத்துல தேயிலத் தூளே நமுத்துப் போகுமே."

ஈரம் குடித்த துகள் கனத்துத்தானே விழும்! என் அம்மா வேலை செய்வதே தேயிலைத் தொழிற்சாலையில். எனக்கு இது தோன்றவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க மிஸ்" என்று வாளியைத் தூக்கியவர், குழாயைத் தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு போனார்.

"ஏன்க்கா அப்படி?"

"ஏச்சு வாங்குனதுலேருந்து இப்படித்தாங்க மிஸ். என் மூச்சு பட்டு ஒங்க வேல கெட்டுறக் கூடாதுல்ல."

அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் நான் புகார் சொன்னேன். இன்றும் அந்தக் குழாயருகே போனால் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது.