ஐஸ் செல்வராஜ்

டெக்சாஸின் பிளானோ ஊரில் செல்வராஜ் என்று மட்டும் சொன்னால் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் வீடு விற்றுக் கொடுப்பவர், ஒருவர் இரண்டு வருஷம் முன்பே ஆஸ்டினுக்குக் குடி போய்விட்டவர். மிச்சமிருப்பவர் ஐஸ் செல்வராஜ். முல்லை வட்டம் என்கிற அங்குள்ள தமிழர் சங்கத்தின் நாற்பது குடும்பங்களும் அவர் நம்பரை அந்தப் பெயரில்தான் போனில் பதிந்து வைத்திருந்தன. கூடப் பிறந்த அக்கா வசந்தாமணியின் போனிலும் அதே பெயர்தான்.

அக்காவிலிருந்து சொன்னால்தான் விளங்கும். கோபிசெட்டிபாளையத்தில் அந்த வீட்டுக்கு மூத்தவள் வசந்தாமணி, கடைக்குட்டி செல்வராஜ். நடுவில் பிறந்த இரண்டு பேருக்கும் இந்தக் கதையில் வேலையில்லை. வசந்தாமணியைக் கட்டிய டாக்டர் மயில்சாமி அம்மா வழியில் ஏற்கெனவே சொந்தம். தாலி கட்டிய ஆறாம் மாதம் அவளை டெக்சாஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குடியுரிமை கிடைத்ததும் அவள் தம்பியின் கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டாள். அது கைக்கு வரப் பதினாலு வருஷம் ஆயிற்று. எழுதிப் போட்டபோது செல்வராஜுக்குக் கல்யாணமே ஆகவில்லை. விமானம் ஏறும்போது அத்தை மகள் சண்முகப்ரியா மனைவியாகவும், இனியன் பத்து வயது மகனாகவும் கூட வந்தார்கள்.

ஊரில் கல்லூரி பஸ் ஓட்டியவர் இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனார். மஞ்சள் பஸ். அது நின்று சிவப்பு விளக்கு மின்னி, பக்கவாட்டில் 'நில்' பலகையை நீட்டினால், முன்னும் பின்னும் வருகிற அத்தனை காரும் நின்றாக வேண்டும். கோபியில் அவர் பஸ்ஸுக்கு ஆடுகூட நின்றதில்லை.

வந்த வருஷமே அக்கா அவரை முல்லை வட்டத்தின் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செயலாளர் கௌசிக், பெரிய கம்பெனியில் பெரிய பதவி, கை கொடுத்து விசாரித்தார்.

"எங்கே வொர்க் பண்றீங்கண்ணா?"

"டிரான்ஸ்போர்ட்டுங்க."

"ஓ, டிரான்ஸ்போர்ட் டொமைனா? ஃபுல்லா கிளவுடுக்கு மூவ் பண்ணிட்டீங்களா?"

"இல்லீங்க. ரோட்டு மேலதான்."

கௌசிக் நன்றாகச் சிரித்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் செல்வராஜின் வேலையைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. வசந்தாமணியிடம் கேட்டவர்களுக்கு அவள், "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல இருக்கான்" என்று சொல்லிவைத்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முல்லை வட்டத்தில் பாட்லக் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. விசேஷத்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவர வேண்டும். யாருக்கு எது என்று கமிட்டி எழுதி வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும். அடுப்படியின் நடுவே கருங்கல் மேடை போட்ட வீடு என்றால் இனிப்பு. மேடை இல்லாத தனி வீட்டுக்குச் சாம்பார், பொரியல். சுவரோடு சுவர் ஒட்டின டவுன்ஹவுஸில் இருப்பவர்களுக்குத் தயிர் சாதம். அபார்ட்மென்ட்காரர்களுக்குப் பேப்பர் பிளேட், நாப்கின், ஸ்பூன். இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்காமலே பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது தப்பியதில்லை. கௌசிக் வீட்டில் கருங்கல் மேடையோடு நீச்சல்குளமும் உண்டு. அதனால் அவர் வரவேற்புரை கொண்டுவருவார்.

செல்வராஜ் இருந்தது அபார்ட்மென்ட்டில். நியாயமாக அவருக்கு நாப்கின்தான் வந்திருக்க வேண்டும். தம்பி பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறான் என்று அக்கா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஐஸ். பத்துப் பை. ஜனவரி மாதம், புல் மேல் உறைபனி படிந்து கிடக்கும், அப்போதும் பத்துப் பை. அக்கா புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அவளே போன் செய்தாள்.

"ராசு, நீ எதுவும் வாங்கிட்டு வராதே, சும்மா வா. வர்றப்ப ஐஸ் மட்டும்."

செல்வராஜுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்த லிஸ்ட்டில் தன் பெயருக்கு நேரே அரிசிம்பருப்பு சாதம் என்று வர வேண்டும். கோபியில் பங்காளி வீடு, மாமன் வீடு எதில் விசேஷம் என்றாலும் மறுநாள் காலையில் அரிசிம்பருப்பு வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்க மாட்டார், முழுசாகப் போடுவார். நெய்யை அளந்து ஊற்றியதை யாரும் பார்த்ததில்லை. அவரைக் கட்டிக்கொள்ள சண்முகப்ரியா சம்மதித்ததற்கு அந்தச் சாதமும் ஒரு காரணம் என்று அவள் அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

ஒரு தடவை கௌசிக்கிடம் வாய்விட்டுக் கேட்டார்.

"அண்ணா, உங்க ஐஸ் மாதிரி யாருக்கும் வராதுண்ணா" என்றார் கௌசிக். "கரெக்ட் டைம், கரெக்ட் குவான்டிட்டி. வேற யாரையும் நம்பி விட முடியாது."

இன்னொரு தடவை கேட்காமலே ஒரு குண்டா நிறைய வைத்து, ஐஸோடு கொண்டுபோய்விட்டார். லிஸ்ட்டில் இருக்கிற பதார்த்தத்துக்குத்தான் பெயர்ச்சீட்டு அடிப்பார்கள். சீட்டு இல்லாததில் கடலை இருக்கிறதோ முந்திரி இருக்கிறதோ என்று அலர்ஜிக்குப் பயந்து யாரும் தொட மாட்டார்கள். குண்டாவை மேஜையிலிருந்து எடுத்துச் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வீட்டில் நாலு நாள் அதையே சாப்பிட்டார்கள்.

"பேரு லிஸ்ட்ல ஏறோணும் மாமா" என்றாள் சண்முகப்ரியா. "ஏறுனாத்தான் சோறு."

அவர் தாமே ஏற்றிவிடலாம் என்று லிங்க்கைத் திறந்து தட்டிப் பார்த்தார். ஓர் எழுத்தும் விழவில்லை. கமிட்டிக்காரர்கள் எழுதலாம், மற்றவர்கள் பார்க்கலாம். அப்படித்தான் அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

போன ஆகஸ்டில் அவருக்கு ரூட் மாறியது. புது ரூட்டில் ஒரு ஸ்டாப் கௌசிக் வீட்டுத் தெருமுனை. வீட்டிலிருந்து முனைக்கு நூற்றைம்பது அடி இருக்கும். கௌசிக் தன் மகள் தென்றலைக் கப்பல் போன்ற காரில் ஏற்றி அந்த நூற்றைம்பது அடியைக் கடந்து வந்து, இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பார். மற்றப் பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்கும். பஸ் வந்ததும் அவை ஏறிவிடும். தென்றல் காருக்குள் டோஸ்ட் தின்று முடிக்க வேண்டும். அதுவரை கௌசிக்கின் கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே வந்து, உள்ளங்கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி வைக்கும். மீட்டிங் நடக்கும்போது கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவரை நிறுத்துகிற கை அது. முகம் போனில் இருக்கும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செப்டம்பரில் பஸ் ஆபீஸுக்கு கௌசிக் எழுதினார். பஸ் முனையில் நிற்காமல் தன் வீட்டு வாசலுக்கே வர வேண்டும். ஆபீஸில் செல்வராஜைக் கேட்டார்கள். அது முட்டுச் சந்து, நெருக்கலாகத் தெரிகிறது என்றார். கௌசிக் திரும்ப எழுதினார்: டிரைவருக்கு ஆங்கிலம் சரியாக வராது போலிருக்கிறது, கேட்டதைப் புரிந்துகொள்ளாமல் பதில் சொல்லியிருக்கிறார். மேற்பார்வையாளர் லூப்பே அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் செல்வராஜுக்குப் படித்துக் காட்டினாள். அவருக்கு எல்லாம் புரிந்தது.

தீபாவளி விழாவுக்கு மண்டபத்தில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தபோது பட்டுப்பாவாடையோடு ஒரு பிள்ளை ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"மிஸ்டர் ராஜ்! டாடி, தட்ஸ் மை பஸ் டிரைவர்!"

கௌசிக் திரும்பினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் செல்வராஜின் முகத்தை நிதானமாகப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வசந்தாமணி தாம்பூலத் தட்டைச் சரி செய்ய ஆரம்பித்தாள்.

"அண்ணா, நீங்களா அது? சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலீங்களே."

கௌசிக் போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் ஒரு தட்டில் இரண்டு மைசூர்பாகை வைத்துத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணா, ஒரு சின்ன விஷயம். அந்த ஸ்டாப்..."

"அது ஆபீஸ்ல முடிவு பண்றதுங்க."

"விசாரிச்சுட்டேன்ணா. ஃபார்ம் உங்களுக்குத்தான் வரும். சேஃப்னு நீங்க ஒரு டிக் பண்ணா போதுமாம்." குரலைத் தாழ்த்தினார். "பொங்கலுக்கு உங்க ஐட்டம், அந்தப் பருப்பு ரைஸ், அதை மெயின் கோர்ஸ்ல போட்டுடலாம்ணா."

"அப்ப ஐஸுங்க?"

"புதுசா ஒருத்தர் வந்திருக்கார். அபார்ட்மென்ட்லதான் இருக்கார்."

செல்வராஜ் மைசூர்பாகைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "வண்டி திரும்புதான்னு பாக்கோணுங்க" என்றார். "பாத்துட்டுச் சொல்றேன்."

பொங்கல் லிஸ்ட்டை ஜனவரியில்தான் போடுவார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு மறுநாளே வந்துவிட்டது. மெயின் கோர்ஸ்: அரிசிம்பருப்பு சாதம், செல்வராஜ் குடும்பத்தார். சண்முகப்ரியா அதைப் படம் பிடித்து ஹூஸ்டனில் படிக்கிற இனியனுக்கு அனுப்பினாள், கோபியில் பத்தொன்பது பேருக்கு அனுப்பினாள், வசந்தாமணிக்கு இரண்டு தடவை அனுப்பினாள். இந்தியன் கடையில் எண்பது பேருக்கு வைக்கிற மாதிரி ஒரு அண்டா வாங்கினாள். அபார்ட்மென்ட்டில் வைக்க இடமில்லாமல் அது குளிக்கிற தொட்டியில் இருந்தது. குளிக்கும்போது எடுத்துக் கட்டில் மேல் வைத்தார்கள்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ஃபார்ம் வந்தது. சனிக்கிழமை செல்வராஜ் டேப் எடுத்துக்கொண்டு கௌசிக்கின் சந்துக்குப் போனார். பஸ் நாற்பதடி. சந்தின் கடைசியில் வட்டமாக விட்டிருந்த இடத்தில் ஒரு பக்கம் கௌசிக்கின் பாஸ்கெட்பால் கம்பம், இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் படகு. மூன்று தடவை நடந்து அளந்தார். உள்ளே போன பஸ் ரிவர்ஸ் எடுக்காமல் வெளியே வராது. அந்தச் சந்தில் பின்னால் நிற்கப்போவது பிள்ளைகள்.

அவருடைய சித்தப்பா மகன் வெள்ளியங்கிரியும் கோபியில் பஸ் ஓட்டியவர்தான். ஒரு நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்ற பிள்ளை கண்ணாடியில் தெரியவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. வெள்ளியங்கிரி அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, கோழிப்பண்ணை வைத்தார்.

சாயங்காலம் ஃபார்மைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து உட்கார்ந்தார். சண்முகப்ரியா வந்து எட்டிப் பார்த்தாள்.

"டிக் போட்டா என்ன மாமா?"

"சோறு."

"போடாட்டி?"

"ஐஸ்."

அவள் குளிக்கிற அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "வண்டி திரும்புதா?"

"திரும்பலெ."

"அப்பறம் எதுக்குப் பேனாவைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?"

செல்வராஜ் 'பாதுகாப்பானதல்ல' என்ற கட்டத்தில் டிக் போட்டார். கௌசிக்குக்கு அவரே போன் செய்து, வண்டி திரும்பாது, அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னார். "ஓகேண்ணா" என்றார் கௌசிக்.

வியாழக்கிழமை லிஸ்ட் மாறியிருந்தது. ஐஸ், பத்துப் பை: செல்வராஜ். புதுசாக வந்தவர் நாப்கினுக்குப் போயிருந்தார். அரிசிம்பருப்பு சாதத்தை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு நேரே 'கேட்டரிங்' என்று இருந்தது. சண்முகப்ரியா பத்தொன்பது பேருக்கும் ஒன்றும் எழுதவில்லை. மண்டபத்துக்கும் வரவில்லை, தலைவலி என்றாள்.

சனிக்கிழமை செல்வராஜ் சொன்ன நேரத்துக்குச் சொன்ன ஐஸோடு போனார். வெளியே குளிரில் பல் கிட்டியது. உள்ளே குளிர்பானம் குடிக்க ஆளில்லை. எட்டுப் பைதான் பிரித்தார்கள். கேட்டரிங்காரர் அரிசிம்பருப்பில் பச்சைப் பட்டாணியும் பனீரும் போட்டிருந்தார். கௌசிக் தன் வரவேற்புரையில் அதைக் கொங்கு மண்ணின் அசல் சுவை என்றார். கை தட்டினார்கள். செல்வராஜ் ஒரு வாய் தின்று பார்த்தார். பனீர் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பஸ் முனையில் நின்றது. கார் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் ஏறின. கார் ஜன்னல் இறங்கி, பழக்கத்தில் அந்தக் கை வெளியே வந்தது. வந்த கைக்குப் பின்னால் இந்தத் தடவை முகமும் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, செல்வராஜ். கை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு வணக்கம் சொல்வது மாதிரி லேசாக அசைந்து உள்ளே போய்விட்டது. தென்றல் டோஸ்ட்டை வாயில் கவ்விக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். மறுநாளிலிருந்து அவள் மற்றப் பிள்ளைகளோடு வெளியேதான் நின்றாள். அந்தக் கை அதற்குப் பிறகு வரவில்லை.

அதே திங்கட்கிழமை பஸ் டிப்போவிலும் பாட்லக். அங்கே லிஸ்ட் என்பது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஒரு காகிதம், பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கும் பேனா. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். செல்வராஜ் வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டார். ஐஸ் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. டிப்போவில் ஐஸ் மெஷின் இருக்கிறது.

அண்டா நிறைய வைத்திருந்தார். காலை டிரிப் முடித்து வந்த டிரைவர்கள் ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்தார்கள். லூப்பே முழு வெங்காயமாகத் தேடித் தேடி எடுத்துத் தின்றாள். மூன்றாவது தடவை வந்தவர்களுக்கு அடியில் பிடித்ததைச் சுரண்டித்தான் போட முடிந்தது. வீட்டுக்கு வந்த அண்டாவுக்குள் சண்முகப்ரியா தலையை விட்டுப் பார்த்துவிட்டு, அதைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். தலைவலி விட்டுப்போயிருந்தது.

சாயங்காலம் வசந்தாமணி போன் செய்தாள். காலையில் நிறைந்திருந்த அண்டாவைச் சண்முகப்ரியா படம் பிடித்து அனுப்பியிருந்தாள்.

"ஏண்டா ராசு, டிப்போவுல போய் வெச்சியாமா?"

"ஆமாங்க்கா."

"அத்தனை பேரும் தின்னாங்களா?"

"தின்னாங்க."

அக்காவின் போனில் பின்னால் மயில்சாமி ஏதோ கேட்பது காதில் விழுந்தது. "உங்க மச்சான் படத்தைப் பாத்ததிலிருந்து தொணதொணன்னு கேட்டுட்டிருக்காரு. எங்களுக்கு ஒரு டப்பா எடுத்து வெச்சிருக்கியா?"

"இல்லீங்க்கா. வழிச்சுட்டாங்க."

"ஒண்ணுமே மிச்சமில்லியா?"

செல்வராஜ் எழுந்து போய் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார்.

"ஐஸ் இருக்குதுங்க்கா" என்றார். "ரெண்டு பை."