பிரான்சு செண்டுமல்லி

கஞ்சா என்றால் என்ன என்று சட்டம் சொல்வதை என்னால் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடியும். பூவோ காயோ பிடித்த நுனிதான் கஞ்சா. நுனியோடு சேராத வெறும் இலையும் விதையும் அந்தச் சொல்லுக்குள் வராது. ஆனால் செடியை வளர்ப்பது தனிக் குற்றம்; பூத்தாலும் பூக்காவிட்டாலும் பத்து ஆண்டு வரை உள்ளே போகலாம். சட்டப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் கல்லூரிப் பையன்கள், “இது மூலிகைதானே ஆன்ட்டி” என்று வாதாட வந்தால், பிரிவு எண்ணோடு பதில் சொல்லி அனுப்புகிறேன். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. அந்தச் செடிக்கு நான் பரிசு வாங்கியிருக்கிறேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இப்போதுள்ள சட்டம் அன்று வந்திருக்கவில்லை. ஆனால் கலால் துறை இருந்தது. உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பவர்மேல் வழக்குப் போட அதற்கு வழியும் இருந்தது.

எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, தங்கியிருந்தார். அரசு வேலைக்குத் தேர்வாகியிருந்தார். போலீஸ் விசாரணை முடிந்து நன்னடத்தை அறிக்கை போனால்தான் நியமன ஆணை வரும். அறிக்கை போக மாதக்கணக்கில் ஆயிற்று. காத்திருப்பதையே மாமா முழுநேர வேலையாகச் செய்துவந்தார். அதற்குத் துணையாக மாடியில் ஒரு தொட்டியில் ஒரு செடி. என் இடுப்புயரம். விரல் விரித்தாற்போல இலை.

அது பிரான்சிலிருந்து விதை வரவழைத்த செண்டுமல்லி என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். புதுச்சேரியில் ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் பிரான்சு என்று வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. அம்மா தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றி, தலையில் வைக்கப் பூ கிடைக்கும் என்று காத்திருந்தாள்.

“எப்படா பூக்கும் இது?”

“பிரான்சு செடி அக்கா. மெதுவாத்தான் பூக்கும்.”

பொய்யில்லை. மாமாவும் பூவுக்குத்தான் காத்திருந்தார். பின்னாளில் வந்த சட்டமும் பூவைத்தான் எதிர்பார்த்தது என்று படித்தபோது, எங்கள் வீட்டு மாடி காலத்தை முந்தியிருந்தது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பூ வரும்வரை மாமா இலையைக் காயவைத்துப் பீடியில் அடைத்துப் பிடித்தார். இருமலுக்கு மருந்து என்று எனக்குச் சொன்னார். நாற்றம் தெரியாமலிருக்கச் சாம்பிராணி போடுவார். மாதா கோயிலில் பூசைக்கே பாதியில் வருகிற இவனுக்கு இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று அம்மா அப்பாவிடம் வியந்தாள். மருந்தின் பலன் எனக்கும் தெரிந்தது. ஒரு தட்டு வடையைத் தனியாளாக முடிப்பார். கண் சிவந்திருக்கும். நான் கேட்ட கேள்வியை மறந்துவிட்டு, என்ன கேட்டாய் என்று என்னையே கேட்பார். சுவரைப் பார்த்துச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார். பள்ளி விட்டு வந்ததும் மாடிக்குக் கூப்பிடுவார்.

“பாப்பா, படியில யாரோ வர்ற மாரி கேக்குது. போய் பாத்துட்டு வா.”

மொத்தம் பதினெட்டுப் படி. நான் ஒவ்வொன்றாக எண்ணி இறங்கி, வாசல்வரை போய், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பி வந்து அறிக்கை சமர்ப்பிப்பேன். படியில் யாரும் இல்லை, வாசலில் பூனை, தெருவில் ஐஸ்காரர், நம் வீட்டுக்கு வரவில்லை. “நல்லா பாத்தியா?” என்பார். பார்த்தேன் என்றால் ஒரு பிஸ்கட். கள ஆய்வு அறிக்கை எழுதுவதற்கு எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி அதுதான். அரசு பின்னாளில் கொடுத்த பயிற்சியில் பிஸ்கட் இல்லை.

இந்த நிலையில் எங்கள் கன்னியர் பள்ளியில் செடிப் போட்டி அறிவித்தார்கள். படிவமும் தந்தார்கள். படிவம் என்றால் எனக்கு அன்றைக்கே உயிர். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. செடியின் பெயர்: பிரான்சு செண்டுமல்லி. வளர்ப்பவர்: மாமாவின் முழுப் பெயர். முகவரி: கதவு எண்ணோடு. பயன் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: “இலையை உலர்த்திப் பீடியில் வைத்துப் பிடித்தால் இருமல் போகும். பசி எடுக்கும். சிரிப்பு வரும். மாமா தினமும் மூன்று வேளை.” அடியில், மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டேன். என் வாழ்நாளில் நான் பார்த்த படிவங்களில் அந்த உறுதிமொழி முழுக்கப் பொருந்தியது இது ஒன்றுக்குத்தான்.

போட்டியன்று காலை மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பரிசோடு வந்து அசத்தலாம் என்று சொல்லாமலே தொட்டியை எடுத்துக்கொண்டேன். அம்மாவே ரிக்‌ஷா பிடித்து ஏற்றிவிட்டாள். முச்சந்தியில் சிவப்புத் தொப்பி போட்ட போக்குவரத்துப் போலீஸ்காரர், தொட்டி சாயாமல் போகவேண்டுமே என்று இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

நடுவர்கள் மூன்று பேர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் ஒரு சொல்தா, ஒரு சித்த வைத்தியர், தோட்டக்கலை அதிகாரி ஒருவர். என் தொட்டியின் முன்னால் மூவரும் ஒன்றாக நின்றார்கள். சொல்தா “அடடே” என்பதைப் பிரெஞ்சில் “தியேன், தியேன்” என்றார், பழைய கூட்டாளியைக் கடைத்தெருவில் பார்த்தவர்போல. வைத்தியர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதிகாரி என் படிவத்தை மூன்று முறை படித்தார். மூவருக்கும் செடி தெரிந்திருந்தது. தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும் என்ற அடுத்த கேள்விக்குத் தலைமைக் கன்னியர் முன்னால் பதில் சொல்லவேண்டும்.

தலைமைக் கன்னியரான மதர் வந்து, இது என்ன செடி என்று கேட்டார். பெரியவர்கள் மூவரும் வாய் திறக்காததால் பெயரை நானே சொன்னேன். மதர் முகம் மலர்ந்து சொல்தாவைப் பார்த்தார்.

“நீங்க அங்க பாத்திருப்பீங்களே.”

“பாத்திருக்கேன் மதர். பட்டாளத்துல நம்ம பசங்க நெறைய பேரு வச்சிருந்தாங்க.”

“மருந்துக்கு ஆகுமா வைத்தியரே?”

“அளவா இருந்தா ஆகும் மதர். அந்த அளவுதான் ஒருத்தனுக்கும் தெரியறதில்ல.”

செடியைத் தள்ளிவிடலாம் என்று அதிகாரி மெதுவாகச் சொன்னார். அங்கேதான் விதி குறுக்கே வந்தது. ஒரு செடியைத் தள்ளுபடி செய்தால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். பரிசு கொடுப்பதற்குக் காரணம் எழுதத் தேவையில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

கிளம்பும்போது அதிகாரி என் படிவத்தை நாலாக மடித்து என் கையில் வைத்தார். அது அலுவலகத்தில் இருக்கவேண்டிய தாள் என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

“இத அம்மாகிட்ட மட்டும் குடு பாப்பா. அப்பாகிட்ட வேணாம். மாமாகிட்ட வேணவே வேணாம்.”

அப்படியே கொடுத்தேன். அம்மா படித்தாள். மறுபடி படித்தாள். செபப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள். மாமா அதற்குள் தொட்டியைக் காணாமல் வீடு முழுக்க அலைந்திருந்தார். சிவப்பு ரிப்பன் கட்டிய செடியைப் பார்த்ததும், யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டார். எல்லாரும் என்றேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் மேரி என்று சொல்லும் நகராட்சியில் அவர் குமாஸ்தா. சான்றிதழைச் சுவரில் மாட்டினார். மாமாவை விசாரிக்கப் போலீஸ்காரர் சனிக்கிழமை வருவதாகத் தகவல் வந்திருந்தது. அப்பா தொட்டியைத் தூக்கிவந்து வாசற்படியிலேயே வைத்தார்.

“உள்ள வரும்போதே இதான் கண்ணுல படணும் மச்சான். வளக்கிறவனோட ஒழுக்கம் செடியில தெரியும்.”

“வெயில் பட்டா வாடிடும் அத்தான்.”

“வெயில் பட்டாத்தான் பூக்கும்.”

வழக்கு ஒன்று பதிவானால் அரசு வேலை போனது போனதுதான். அது எனக்கே தெரியும், வீட்டில் மாதக்கணக்காக அதே பேச்சு. ஆனால் செடிக்கும் வழக்குக்கும் என்ன தொடர்பு என்று தெரியாது. செடியை எடுத்தால் மாமா அப்பாவிடம் காரணம் சொல்லவேண்டும், எடுக்காவிட்டால் போலீஸ்காரரிடம். இரண்டு நாள் மாமா சாப்பிடவில்லை. வடைகூட.

சனிக்கிழமை காலை அம்மா எல்லாருக்கும் முன்னால் எழுந்து மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள். பத்து மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். நான் மாடிக்கு ஓடினேன்.

“போலீஸ்காரர் வந்திருக்கார் மாமா. கீழ நிக்கிறார்.”

“வெளையாடாத பாப்பா. சத்தமே கேக்கலியே.”

எத்தனையோ நாள் வராத காலடியெல்லாம் கேட்ட அவருக்கு, உண்மையில் வந்த பூட்ஸ் கேட்கவில்லை.

இழுத்துக்கொண்டு கீழே வந்தேன். போலீஸ்காரர் தொட்டியின்மேல் குனிந்து நின்றார். மாமா என் பின்னால் நின்றுகொண்டார். ரிப்பன் அப்படியே இருந்தது. தொட்டியும் அதுதான். செடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று மஞ்சள் பூ.

“பூ நல்லா வந்திருக்கே,” என்றார் போலீஸ்காரர்.

பிரான்சு விதை என்று அப்பா விளக்கினார். செடி எப்படிக் குட்டையானது என்று அவர் கேட்கவில்லை. பரிசு வாங்கிய பொருளைச் சந்தேகிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. போலீஸ்காரர் காப்பி குடித்துவிட்டு, ஒழுக்கமான குடும்பம் என்று எங்கள் எதிரிலேயே எழுதிக்கொண்டு போனார்.

மாமா பூவைத் தொட்டுப் பார்த்தார்.

“ரெண்டு நாள்ல எப்படிக்கா பூத்துது?”

“நீதானேடா சொன்ன, பூக்கும்னு,” என்று அம்மா ஒரு பூவைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பழைய செடி விடியற்காலையில் வந்த மேரி குப்பை வண்டியில், அதாவது அப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் வண்டியிலேயே, போய்ச் சேர்ந்ததாக அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னாள்.

நியமன ஆணை அடுத்த மாதம் வந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போனார். மாடியில் தொட்டி இல்லை, பீடி இல்லை, சாம்பிராணியும் இல்லை. மருந்தை விட்டுவிட்டார் என்று அம்மா நம்பினாள். விட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். எல்லாருக்கும் அது ஒன்றுபோல் செய்வதில்லை. சிலருக்குச் சிரிப்போடு முடிந்துவிடும். சிலருக்கு முடியாது. யாருக்கு எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விண்ணப்பிக்க எந்த அலுவலகமும் இல்லை.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மாமா என்னைக் கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை. படியில் யாரோ வருகிறார்கள், போய்ப் பார். நான் பதினெட்டுப் படியும் இறங்கிப் பார்த்துவிட்டு வருவேன். “நல்லா பாத்தியா?” என்பார். மறுபடி அனுப்புவார். பிஸ்கட் இரண்டாக உயர்ந்தது, பிறகு மூன்றானது. வேலை கிடைத்துவிட்டதால் எனக்கும் ஊதிய உயர்வு என்று எடுத்துக்கொண்டேன். அதனால் குறையில்லாமல் வேலை செய்தேன். வாசல்வரை போய், தெருமுனைவரை பார்த்து, மூச்சிரைக்க ஓடிவந்து, யாருமே இல்லை மாமா என்று தினமும் சொன்னேன். அவருக்கு அது நல்ல செய்தி என்றுதான் நினைத்திருந்தேன்.