நிலத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ்

முதல் பத்து நிமிடம் முருகேஸ்வரி கண்ணைத் திறப்பதில்லை. பூம்பாறைக்கு மேலே ஒரு சரிவில் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்து, காதை மட்டும் வேலை வாங்குகிறார். மடியில் கிடக்கும் நோட்டில் கை பார்க்காமலே எழுதுகிறது: ‘காற்று, புல்லில். நாய், தூரம். ஜீப், இரண்டாவது கியர்.’ நான் தொண்டையைச் செருமினேன். ‘பத்திரிகைக்காரர், இருமல்’ என்று அதையும் எழுதிக்கொண்டார்.

கட்டடம் வரப்போகும் நிலத்தின் இயல்பை, கட்டுகிறவர் செலவிலேயே மதிப்பிட்டு அறிக்கை தருவது அவர் தொழில். சரிவு எப்படி, எங்கே நின்றால் என்ன தெரிகிறது, எது போய்விட்டால் அந்த இடம் அந்த இடமாக இருக்காது என்று முப்பது பக்கம் எழுத வேண்டும். கொடைக்கானலில் பாலகுமார் என்பவர் நடத்தும் ஆலோசனை அலுவலகத்தில் பதினோரு வருடமாக இதைச் செய்கிறார். சொந்த ஊரான பாலசமுத்திரத்தில் அண்ணன் வீட்டாருக்கு இது என்ன வேலை என்று இன்னும் பிடிபடவில்லை. அவர்களுக்காக ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்.

“பொண்ணு பாக்கப் போறோம்ல, அந்த மாதிரிதாங்க. மாப்பிள்ளை வீட்டுச் செலவுல காரேறிப் போயி, பொண்ணப் பத்தி உள்ளத உள்ளபடி சொல்லணும். சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடிக்காது. சொல்லலைன்னா எனக்குச் சோறு எறங்காது.”

வயது நாற்பத்தெட்டு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை. அதன் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை. மலை பஸ்ஸில் ஏறினால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். “சம்பளம் இல்லாம நான் மலையப் பாக்குறதில்ல” என்பார். கொடைக்கானலில் அவர் வாடகைக்கு இருக்கும் அறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் ஆறு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். குடிவந்த வாரமே அதற்கும் மதிப்பெண் போட்டுவிட்டார். காட்சித் தரம்: மிகக் குறைவு. மாற்றத்தைத் தாங்கும் திறன்: மிக அதிகம். “இதுக்கு மேல என்னத்தக் கட்டுனாலும் இந்த ஜன்னலு தாங்கும்ங்க.”

ஊர்க்காரர்களிடம் கேட்க அவரிடம் ஒரு கேள்வி உண்டு: “இங்க இருக்கறதுல எது இல்லாமப் போனா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்?” மலை, மூடுபனி, முன்னோர் நடந்த மண் என்றெல்லாம் பதில் வர வேண்டும் என்பது அலுவலகத்தின் ஆசை. வருகிற பதில்கள் வேறு. காலை ஏழு மணி பஸ். செல்போன் டவர். ஒரு உருளைக்கிழங்கு விவசாயி நெடுநேரம் யோசித்துவிட்டு, “எது போனா நல்லா இருக்கும்னு கேளுங்க, சொல்றேன். காட்டுமாடு” என்றாராம். முருகேஸ்வரி எல்லாவற்றையும் எழுதுவார். அலுவலகத்தில் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிடுவார்கள்.

எழுத்தில் அவர் கைதேர்ந்தவர். அதுதான் சிக்கலும். ஏழு வருடத்துக்கு முன் பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டச் சரிவைப் பற்றி, ‘மிளகுக்கொடி ஏறிய மரங்களின் நிழலில் இந்தச் சரிவு பகலிலும் குரல் தாழ்த்தியே பேசுகிறது, ஆகவே இங்கே கட்டடம் கூடாது’ என்று எழுதினார். ஆறு மாதம் கழித்து, அதே சரிவை விற்கும் வழவழப்பான ஒரு விளம்பரப் புத்தகம் தபாலில் வந்தது. அட்டையில் அவருடைய வாக்கியம், காற்புள்ளி வரைக்கும். அதற்குப் பின்னால் இருந்தது வரவில்லை. ‘மிளகுக்கொடி’யில் ஒரு ‘க்’ விட்டுப்போயிருந்தது. அதைப் பேனாவால் சேர்த்து, அவர்கள் முகவரிக்கே திருப்பி அனுப்பினார். இரண்டாம் பதிப்பு பிழையில்லாமல் வந்தது.

அழகாக எழுதினால்தானே ஆபத்து என்று அடுத்த நிலத்துக்குச் சப்பென்று எழுதினார்: ‘குறிப்பிடத்தக்க சிறப்பு ஏதும் இல்லை.’ பதினோராம் நாள் பொக்லைன் ஏறிவிட்டது.

“சிறப்புன்னு எழுதுனா, அப்ப வித்தா என்னங்குறாங்க. சிறப்பில்லன்னு எழுதுனா, அப்ப தோண்டுனா என்னங்குறாங்க. நடுவுல ஒரு வார்த்தை தமிழ்ல இருக்குதாங்க? ஒங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க.”

மன்னவனூர் வேலை போன வருடம் வந்தது. ஊருக்கு மேலே நாற்பது ஏக்கர். வெளியூர் கம்பெனி ஒன்று அறுபத்திரண்டு காட்டேஜ் கட்டுவதாகத் திட்டம். நிலத்தின் மேல்பாதி ஒரு புல்மேடு. அதன் மடிப்பில் ஓர் ஊற்று. அங்கிருந்து கசிகிற தண்ணீர்தான் கீழே படிப்படியாக இறங்கும் கேரட், பூண்டு வயல்களுக்கு. முருகேஸ்வரி ஐந்து தடவை போனார். இந்த முறை நிழல், குரல் எதுவும் எழுதவில்லை. தண்ணீர் எங்கே இறங்குகிறது, மேட்டை வெட்டினால் காற்று எந்த வயலில் விழும், மூடுபனி எத்தனை மணி வரை நிற்கும் என்று கணக்கு வாத்தியார் மாதிரி எழுதினார். முடிவில் ஒரே வரி: மேல்பாதியைத் தொடக் கூடாது.

பாலகுமார் அறிக்கையில், நிலம் எவ்வளவு எளிதில் கெடும் என்று குறிக்கும் கட்டத்தைக் காட்டி, “மேடம், சென்சிட்டிவிட்டி ‘ஹை’னு போட்டிருக்கீங்க. கிளையன்ட் அப்செட் ஆயிருவாங்க. ‘மீடியம்’னு மாத்திரலாமே?” என்றார்.

“நீங்க போயி அந்த மேட்ட மீடியமாக்கிட்டு வாங்க சார். நானும் மாத்துறேன்.”

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவருக்கு வேலை எதுவும் தரப்படவில்லை. தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். நான்காம் வாரம் பாலகுமார் இனிப்புப் பெட்டியோடு வந்தார். கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது. மேல்பாதியில் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டார்கள், எழுதியே கொடுத்துவிட்டார்கள். பதினோரு வருடத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடி யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். “சும்மாதாங்க பாத்தேன். ஓசியில.”

இரண்டு மாதத்தில் ஒரு போன். மன்னவனூர் மூக்கம்மா. மேட்டுக்கு நேர் கீழே கேரட் போடுகிறவர், அறுபதைத் தாண்டியவர். நோட்டும் கையுமாக வந்த முருகேஸ்வரியை டீச்சர் என்றே முடிவு கட்டிவிட்டவர்.

“டீச்சரம்மா, மேட்டச் சுத்தி முள்கம்பி போட்டுட்டாங்க. ஊத்துக்குப் போக வழியில்ல.”

“ஊத்துக்கு எதுக்கு ஆத்தா போறீங்க? தண்ணி தானா வருதுல்ல?”

“தானா எங்கிட்டு வருது? எட்டு நாளைக்கு ஒருக்கா நாங்க மூணு பொம்பளைக வெள்ளனே போயி, மண்ணு, சருகெல்லாம் வழிச்சு விடுறோம். இல்லேன்னா அடைச்சுக்கிரும். இப்பவே கீழ் வயலு காஞ்சு கெடக்கு.”

“நான் கேட்டப்ப இதச் சொல்லவே இல்லையே ஆத்தா. பஸ்ஸுன்னுதான சொன்னீங்க?”

“பஸ்ஸு நின்னுபோகும்னு தெரியும், சொன்னேன். நடக்குற பாதையக் காணாமப் போக்குவாங்கன்னு எவளுக்குத் தெரியும்?”

முருகேஸ்வரி பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். மூன்றாம் நாள் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு எழுதிய கோணல் எழுத்தில் ‘மண்வெட்டி, எங்கேயோ’ என்று இருந்தது. கண்ணைத் திறந்தபோது யாரும் தென்படவில்லை. அதனால் அறிக்கையில், ‘மனித நடமாட்டம் இல்லாத புல்வெளி’ என்று எழுதிவிட்டிருந்தார்.

மறுநாளே ஒரு பக்க இணைப்பு தயார் செய்தார்: ‘மனித நடமாட்டம் உண்டு. எட்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று பெண்கள், மண்வெட்டியுடன். அவர்கள் வராவிட்டால் ஊற்று இல்லை.’ பாலகுமார் அதை வாங்கிப் படித்துவிட்டு, மேஜைமேல் அவர் பக்கமாகவே தள்ளி வைத்தார். “ஃபைல் குளோஸ் ஆயிருச்சு மேடம். தொடக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க? தொடாமத்தான வச்சிருக்காங்க.”

“அவரு சொன்னதுல ஒரு தப்பும் இல்லங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கடலையைத் தோலுரிக்க ஆரம்பித்தார். உரித்த கடலையைத் தின்னாமல் திரும்பப் பைக்குள் போட்டார். “நல்லது பண்ணிட்டேன்னு நெனச்ச ஒரே எடம் அதுதான்.”

போன மாதம் அவரோடு நானும் மன்னவனூர் போனேன். மேடு அறிக்கையில் இருந்தபடியே இருந்தது. முள்கம்பி வேலியில் பச்சைப் பலகை: ‘இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. மனித நடமாட்டம் இல்லாத புல்வெளி. அத்துமீறி நுழையாதீர்.’ நடு வரியை முருகேஸ்வரி உரக்கப் படித்தார். “பிழையில்லாம எழுதியிருக்காங்க” என்றார்.

வேலிக்கு வெளியே மூக்கம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் மண்வெட்டியோடு நின்றிருந்தார்கள். உள்ளே காவலுக்கு நின்றது கணபதி. புதுச் சீருடை, விசில். மூக்கம்மாவின் தம்பி மகன்தான்.

“ஏலே கணபதி, ஒங்கப்பன் வயலுக்கும் சேத்துத்தாண்டா அந்தத் தண்ணி!”

“தெரியும் அத்தை. உள்ள விட்டா என் சோலி போயிரும்.” முருகேஸ்வரியைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். “மேடம், நீங்க வரலாம். ஒங்களுக்கு அனுமதி இருக்கு. கேட்டுல ஒங்க பேரு போட்டே வச்சிருக்காங்க.” ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தான்.

முருகேஸ்வரி கேட் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பூட்டை மறுபடி பூட்டிவிட்டு, “மேடம், நான் கீழ போயி டீ குடிச்சுட்டு வாரேன். வர அரை மணி ஆகும்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் தலை மறைந்ததும் முருகேஸ்வரி வேலியோரம் நடந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் தொய்வாக இருந்த ஒரு இடத்தில் நின்றார். கீழ்க் கம்பியைக் காலால் மண்ணோடு மிதித்தார். மேல் கம்பியில் முள் இல்லாத இடமாகப் பிடித்துத் தோள்வரை தூக்கினார்.

“வெரசா போங்க ஆத்தா.”

முதலில் மண்வெட்டிகள் போயின. அப்புறம் மூக்கம்மா, அவருக்குப் பின்னால் மற்ற இருவரும், சேலையை ஒதுக்கிக் குனிந்து உள்ளே போனார்கள். மூன்று பேரும் மேடேறத் தொடங்கிய பிறகும் முருகேஸ்வரி கம்பியை இறக்கவில்லை. தூக்கிப் பிடித்தபடியே, என் பக்கம் திரும்பி, ‘ம், நீங்களும்’ என்பதுபோல் தலையை ஆட்டினார்.