ஓட்டக்காரனுக்கு ஒரு நாள் லீவு

எங்கள் வீட்டில் யாரும் அமெரிக்கக் கால்பந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு வருடம், அந்த விளையாட்டின் முதல் நான்கு வாரங்களில் நடந்ததை எங்கள் ரப்பர் தோட்டத்து லயக் காம்பிரா வரிசையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பந்தை வாங்கிக்கொண்டு ஆட்களின் நடுவே ஓடுகிறவன் போன வாரம் எத்தனை கெஜம் ஓடினான் என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியும்.

காரணம் மாமா. அம்மாவின் தம்பி. உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஒரே பாடத்தில் தவறியவர். தெரணியகலை டவுனில் ஒரு போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றும் வேலை செய்துகொண்டு எங்களோடு இருந்தார். கடைக்குத் திருத்த வந்து யாரும் திரும்பி வாங்காத போன் ஒன்று அவர் கைக்கு வந்தது. அந்தப் போனில்தான் அவர் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்.

அது உண்மையான ஆட்டம் அல்ல. மைதானம் கிடையாது, ஆட்கள் கிடையாது. வெவ்வேறு நாடுகளில் இருக்கிற முப்பது பேர் ஆளுக்கொரு அணி வைத்திருப்பார்கள். யார் இறங்குவது, யார் உட்காருவது என்று வாரத்துக்கு ஒரு தடவை குறித்து அனுப்ப வேண்டும். மிச்சத்தைக் கணினி ஆடி முடித்து, நடந்ததை வரி வரியாக எழுதிப் போடும். மாமா இதை எனக்கு விளக்கியிருந்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. விளக்கம் புரிந்தது. நம்பினேனா என்பது வேறு விஷயம்.

அணிக்குப் பெயர் வைக்கும் உரிமை மாமாவுக்கு இருந்தது. சிங்கம், புலி இரண்டையும் அவர் தொடவில்லை. நம் நாட்டில் அந்த இரண்டில் எதை வைத்தாலும் யாருக்காவது விளக்கம் சொல்ல வேண்டி வரும். ‘தெரணியகலை அட்டைகள்’ என்று வைத்தார். மழைநாளில் ரப்பர் காட்டுக்குள் போய், காலில் இரத்தம் வழிய வந்தவர்களுக்கு அந்தப் பெயரின் வலிமை தெரியும். அமெரிக்காவில், ஒஹையோவிலிருந்து இன்னோர் அணி வைத்திருந்த ஒருவர், அட்டை எப்படி ஐயா ஓடும் என்று கேட்டு எழுதினார். ஓட வேண்டியதில்லை, ஒட்டினால் போதும் என்று மாமா பதில் போட்டார். அந்த ஆட்கள் எல்லாரும் அவரைக் ‘கோச்’ என்றுதான் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் அவரை அப்படி மரியாதையாக எதுவும் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை.

அணி சுமாரானது. ஆனால் அதில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒருவன் இருந்தான். கணினி அவனுக்கு வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. ஓட்டக்காரன் என்றே சொன்னோம். திங்கட்கிழமை பின்னேரம் மாமா வாசலில் நின்று, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கி வானொலி நேர்முக வர்ணனை போல வாசிப்பார். “எடப்பக்கம் ஓடுறான்… ஒருத்தன் கால புடிக்கிறான்… ஒதறிட்டான்… ஒம்பது கெஜம்!” பக்கத்துக் காம்பிராக்காரர்களும் தலையை நீட்டுவார்கள்.

“அத்தன பேரும் ஏன்டா அவன் மேலயே விழுறானுங்க?” என்று அம்மா கேட்பார். “பந்தக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே.”

“குடுத்தா தோத்துருவோம் அக்கா.”

“அடுத்த பந்து வாங்கிக்கிறது.”

முதல் ஆட்டத்தில் ஓட்டக்காரன் நூறு கெஜத்தைத் தாண்டினான். இரண்டாவதில் அதைவிட அதிகம். மூன்றாவதில் மழையும் சேறும் என்று கணினி முடிவு செய்திருந்தது. அதிலும் நூறைத் தொட்டான். நான்காவது ஆட்டத்தில் முப்பத்தொரு தடவை பந்தை வாங்கி ஓடினான். அந்த வாரம் எல்லா அணிகளின் ஓட்டக்காரர்களையும் வரிசைப்படுத்திய பட்டியலில் நம்மவன்தான் முதல். மாமா அந்தப் பக்கத்தைக் கடையில் அச்செடுத்து வந்து, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அம்மா அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார்.

ஆனால் ஓட்டக்காரன் ஓடினாலும் மற்றவர்கள் பந்தைத் தவறவிட்டார்கள். நான்கு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. அந்த ஆட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த கோச், முதல் ஐந்து ஆட்டத்தில் மூன்றையாவது வெல்ல வேண்டும். இல்லையென்றால் அணியைத் திரும்ப வாங்கி, காத்திருக்கும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் மாமா வென்றே ஆக வேண்டும்.

அந்த வாரம் பார்த்து அவருக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. ஒரு துணிக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குவது. புதிய பெடியன்கள் முதல் மாதம் போன் வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே கட்டளை. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போகுமுன் மாமா அந்தப் போனை என் கையில் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழம காலையில பத்து மணிக்கு முன்னுக்கு தண்ணி டாங்கிகிட்ட போய் நில்லு. அங்கதான் சிக்னல் வரும். இந்தப் பக்கத்தத் தெற. பேருங்க எல்லாம் நான் போட்டுட்டேன். இந்தப் பச்சப் பொத்தான மட்டும் அமுக்கு. வேற ஒன்னுலயும் கை வைக்காத. வெளங்குதா?”

“வெளங்குது மாமா.”

“என்ன வெளங்குது? சொல்லு பாப்போம்.”

“பச்சய அமுக்கணும்.”

“ஹரி,” என்று, சரி என்பதைச் சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே நான் தண்ணீர் டாங்கிக்கு ஏறிவிட்டேன். பக்கம் திறந்தது. பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டை. எல்லாருக்கும் அது பச்சை. ஓட்டக்காரனுக்கு மட்டும் பாதிக்கு மேல் சிவப்பு. அதன் மேல் விரலை வைத்தபோது, களைப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று வந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். அதன் கீழே ‘ஓய்வு’ என்று ஒரு கட்டம் இருந்தது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஒரு மரத்தை இன்று வெட்டினால் நாளைக்கு வெட்டக் கூடாது. தினமும் வெட்டினால் முதலில் பால் வரும். பிறகு பட்டை காய்ந்து மரம் ஒன்றுக்கும் உதவாது. அந்த மாதம் மழையில் பல நாள் வேலை கெட்டுப் போயிருந்ததால், ஈடுகட்ட ஒரே மரங்களை அடுத்தடுத்த நாளும் வெட்டும்படி தோட்டத்து உத்தியோகத்தர், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் சொல்லியிருக்கிறார். அப்பா எதிர்த்துப் பேசுகிற ஆள் அல்ல. அன்றைக்குப் பேசியிருக்கிறார். “மரம் தாங்காதுங்க ஐயா. ஒரு நாளாவது விடணும்.” உத்தியோகத்தர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நான் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். என் அப்பா சொல்லி மரங்களுக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது.

ஆகவே டாங்கியடியில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. முப்பத்தொரு தடவை ஓடியவன். பட்டை சிவந்துவிட்டது. மாமா டவுனில் வேலை செய்தவர். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஓய்வு என்ற கட்டத்தை அழுத்தினேன். ஓட்டக்காரனின் பெயர் மங்கியது. அவன் இடத்துக்கு, அதுவரை மூன்றே மூன்று தடவை பந்தைத் தொட்டிருந்த ஒருவன் மேலே ஏறினான். பிறகு மாமா சொன்னபடி பச்சையை அமுக்கினேன். அவ்வளவு நிம்மதியாக அந்த மேட்டிலிருந்து நான் வேறு எந்த நாளும் இறங்கியதில்லை.

மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். புதியவன் பதினைந்து தடவை ஓடி முப்பது கெஜம்கூட எடுக்கவில்லை. புள்ளி எடுக்கும் கோட்டுக்குக் கிட்டே போய் ஒரு தடவை பந்தையும் கீழே போட்டான். செவ்வாய்க்கிழமை மாமா யாருடையதோ போனிலிருந்து அம்மாவுக்கு அழைப்பு எடுத்தார். தோற்றுவிட்டதாம் என்று அம்மா சொன்னார். பிறகு சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். புதன்கிழமை பக்கத்தைத் திறந்தபோது, ‘இதுவரை பங்குபற்றியதற்கு நன்றி, கோச்’ என்று இருந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனால் குற்ற உணர்ச்சி என்று எதுவும் இல்லை. மரத்தைக் காப்பாற்றப் போய் ஒரு நாள் பால் குறைந்தால் யாரும் அழமாட்டார்கள்.

மாமா பௌர்ணமிப் போயா லீவுக்கு வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம் உடைந்து தோலுரிந்திருந்தன. முகம் கழுவக்கூட இல்லை; போனை வாங்கிக்கொண்டு டாங்கிக்குப் போய்விட்டார். நாங்கள் பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் திரும்பி வந்தார்.

“பாப்பா, அந்த ஆட்டத்துல ஓட்டக்காரனுக்கு சைபர்னு இருக்கு. ஒரு தரம்கூட ஓடல. ஏன்?”

“நான்தான் மாமா ஓய்வு குடுத்தேன்.”

“என்ன குடுத்த?”

“ஓய்வு. செவப்பாயிருச்சு. முப்பத்தோரு தரம் ஓடியிருக்கான். மரத்தையே தெனம் வெட்டக் கூடாது.”

மாமா சோற்றில் கை வைக்கவில்லை. “அடியே, அவன் மனுசன் இல்லடி! வெறும் நம்பரு. அவனுக்கு ஒடம்பே கெடையாது.”

“ஒடம்பு இல்லாதவனுக்கு எதுக்கு செவப்புப் பட்ட போட்டிருக்காங்க?”

மாமாவுக்குக் கோபம் கூடியது. “பச்சய மட்டும் அமுக்குன்னு சொன்னேனா இல்லையா? ஒரே ஒரு எடம் இருந்திச்சு எனக்கு. ஒரே எடம். அதுவும் போச்சு. இப்ப எவனோ ஒருத்தன் எடுத்துக்கிட்டான். அவன் ரெண்டு வாரமா ஓடவிட்டு, நம்ம ஓட்டக்காரன் திரும்பவும் பட்டியல்ல மொதலாவது நிக்கிறான், பாரு!”

“ஓய்வெடுத்த ஒடம்பு. அதான் ஓடுறான்,” என்றேன். நியாயமான விளக்கம் என்று இன்றும் நினைக்கிறேன்.

“தம்பி, சின்னப் புள்ளகிட்ட என்ன…” என்று அம்மா தொடங்கினார்.

அதுவரை அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆட்டத்தைப் பற்றி அவர் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. இப்போது மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

“அது மாதிரி நெசமா ஓடுறவனுங்க இருக்கானுங்கதானே? அந்த நாட்டுல?”

“இருக்கானுங்க மச்சான்.”

“ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஓடுவானுங்க?”

“ஒரு நாளைக்கு இல்ல. கெழமைக்கு ஒரு ஆட்டந்தான்.”

“கெழமைக்கு ஒரு நாளா?” அப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டார். “மத்த நாளு?”

“பயிற்சி எடுப்பானுங்க. நல்லா சாப்புடுவானுங்க. ஐஸ் தண்ணியில உக்காருவானுங்க. கை கால் அமுக்கிவிடுறதுக்குன்னு சம்பளத்துக்கு ஆளு இருக்கு.”

“அமுக்கிவிட ஆளா?”

“ஆமா மச்சான்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “கெழமைக்கு ஒரு நாளு ஓடுறவனுக்கா ஆத்தா நீ லீவு குடுத்த?” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சத்தமாக, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், “ஐஸ் தண்ணியில…” என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். இருமல் வந்து தண்ணீர் குடித்தார். எனக்கு முகம் சுட்டது. என் பக்கம் பேச வேண்டியவர், மாமாவின் பக்கம் போய், எல்லாருக்கும் முன்னால் என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். போகும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. இரண்டுக்கும் எனக்குக் காரணம் தெரியவில்லை. அம்மா சிரிக்கவில்லை, கேட்காமலே அப்பாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். மாமாவின் கோபம் எங்கோ போயிருந்தது. அவர் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தன் கைகளை விரித்துப் பார்த்தார்.

அன்று போயா. தோட்டம் முழுவதற்கும் விடுமுறை. ஆனால் மழையில் கெட்ட நாட்களை ஈடுகட்ட வேண்டும்; முதல் நாள் வெட்டிய மரங்களுக்கோ ஓய்வு. அதனால் அப்பா விடிவதற்கு முன்பே எழுந்து பக்கத்து ரப்பர் காட்டு மரங்களை வெட்டிவிட்டு, பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அப்போதுதான் வந்து சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார்.